என்னைக் காண்கிற சர்வேசுரன்



நம் தேன்கனிக்கோட்டைக் கடைவீதியில் சற்று நேரம் நின்றாலே போதும், ஆண்டவரை எத்தனை பாஷையில் கூப்பிடுகிறார்கள் என்பது விளங்கும். தெலுங்கு பேசுகிறவர் 'தேவுடா' என்பார். கன்னடம் பேசுகிறவர் 'தேவரே' என்பார். உருது பேசுகிறவர் 'குதா' என்பார். நாம் 'ஆண்டவரே' என்போம். கல் தடுக்கினால் அந்தப் பெயர் வருகிறது. பேரம் படியாவிட்டால் வருகிறது. பொய்ச் சத்தியம் செய்யும்போதுகூடக் கூசாமல் வருகிறது. இத்தனை முறை நம் வாயில் வரும் அப்பெயர் நமக்கு என்ன சொல்லுகிறது? இந்த வாரம் அதைத் தியானிப்போம்.

நம் தமிழ் வேத சரித்திரத்தில் இந்தக் கேள்வி பழையது. 1578-ம் ஆண்டு கொல்லத்தில் அச்சான ஹென்றிக்கஸ் சுவாமியாருடைய சிறு நூலுக்குத் 'தம்பிரான் வணக்கம்' என்று பெயர். 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், அதாவது தெ நொபிலி சுவாமியார், 'சர்வேசுரன்' என்னும் பெயரை எடுத்தாண்டார். சர்வத்துக்கும் ஈசுவரன் என்று பொருள். நம் பாட்டிமார் பெருமூச்சோடு சொன்ன பெயர் அதுதான். 1995-ல் வெளிவந்த திருவிவிலியம் 'கடவுள்' என்றும் 'ஆண்டவர்' என்றும் வழங்குகிறது. பெயர்கள் மாறின. கூப்பிடுகிறவனுடைய தேவையும் கேட்கிறவருடைய இரக்கமும் மாறவில்லை.

வேதாகமத்தில் சர்வேசுரனுக்கு வழங்கும் பெயர்கள் சாஸ்திரிகள் உட்கார்ந்து யோசித்து வைத்தவை என்று எண்ணவேண்டாம். அநேகமும் இக்கட்டில் அகப்பட்ட மனிதர் வாயிலிருந்து பிறந்தவை. அவருக்கு முதன்முதலில் பெயர் வைத்தவர் யாரென்று தெரியுமா? அபிரகாமும் அல்ல, மோயீசனும் அல்ல. ஆகார் என்னும் எகிப்து தேசத்து அடிமைப்பெண்!

ஆதியாகமம் 16-ம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். எசமானி அவளைப் பேர்சொல்லிக் கூப்பிடவில்லை. எசமானும் கூப்பிடவில்லை. இருவருக்கும் அவள் வெறும் 'அடிமைப்பெண்'. கர்ப்பவதியான அவள் கொடுமை பொறுக்கமாட்டாமல் வனாந்தரத்துக்கு ஓடிப்போகிறாள். அங்கே ஒரு நீரூற்றண்டையில் ஆண்டவருடைய தூதர் அவளை 'ஆகார்' என்று பேர்சொல்லி அழைத்து, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரிக்கிறார். அந்த வீட்டில் அவளை அப்படி விசாரித்தவர் யார்? அப்போது அவள் ஆண்டவருக்கு ஒரு பெயர் சூட்டுகிறாள்: 'எல் ரோயி', என்னைக் காண்கிற தேவன். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஆண்டவரே இஸ்மாயேல் என்று பெயர் குறிக்கிறார். தேவன் கேட்டருள்கிறார் என்பது அதன் பொருள். காண்கிறவரும் அவரே, கேட்கிறவரும் அவரே. ஹாஜரா என்று நம் முஸ்லிம் அயலார் மரியாதையோடு சொல்லும் தாயும் இவளே.

தூதர் அவளைத் திரும்பிப் போகச் சொன்னாரே என்று சிலர் கேட்பீர்கள். மெய்தான். அவள் கஷ்டம் அன்றே தீரவில்லை. ஆனால் ஆண்டவர் அவளுக்கு வாக்குத்தத்தம் கொடுத்தார். பின்னொரு காலம் அவள் பிள்ளையோடு துரத்தப்பட்டுத் தண்ணீரில்லாமல் அழுதபோது, அவள் கண்ணைத் திறந்து கிணற்றைக் காட்டினார். ஆகையால் அடிபட்டு ஓடிவரும் பெண்ணைப் பார்த்து, "பொறுத்துக்கொண்டு திரும்பிப் போ" என்று சொல்ல இந்த அதிகாரத்தைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். ஆண்டவர் துணை நின்றார்; நாம் துணை நிற்கிறோமா?

இன்னொரு பெயரைப் பாருங்கள். மோரியா மலையில் தன் மகன் ஈசாக்குக்குப் பதிலாக ஆட்டுக்கடா அகப்பட்டபோது, அபிரகாம் அந்த இடத்துக்கு, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று பொருள்படும் பெயரை வைத்தார். எபிரேய பாஷையில் ஆகார் சொன்னதும் அபிரகாம் சொன்னதும் ஒரே வேர்ச்சொல்: காண்பது. தமிழருக்கு இதை விளக்கவேண்டியதே இல்லை. 'பார்க்கிறேன்' என்பதற்கும் 'பார்த்துக்கொள்கிறேன்' என்பதற்கும் நம் பாஷையில் எவ்வளவு தூரம்? காய்ச்சலில் கிடக்கிறவனிடம், "நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு" என்கிறாள் தாய். சர்வேசுரன் பார்ப்பதும் அப்படியே. வேடிக்கை பார்க்கிற கண் அல்ல அது, பராமரிக்கிற கண்.

மோயீசனுக்கு எரியும் முட்செடியில் வெளிப்பட்ட திருப்பெயரோ எல்லாவற்றிலும் மேலானது. இருக்கிறவர் நாமே என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். யூதர் பயபக்தியினால் அந்த நாலெழுத்துப் பெயரை உச்சரிக்காமல், ஆண்டவர் என்று பொருள்படும் 'அதோனாய்' என்றே வாசித்தார்கள். கிரேக்கத்திலும் லத்தீனிலும் ஆண்டவர் என்றே எழுதினார்கள். 2008-ம் ஆண்டு ரோமாபுரியிலிருந்து வந்த கட்டளையும், வழிபாட்டில் அப்பெயரை உச்சரிக்காமல் 'ஆண்டவர்' என்றே சொல்லவேண்டும் என்கிறது. அவ்வளவு பரிசுத்தமான பெயரை நாம் கடன் பாக்கிக்கும் கள்ளக் கணக்குக்கும் சத்தியமாக வைக்கலாமா? இரண்டாம் கற்பனை நினைவிருக்கட்டும்.

பிரியமானவர்களே, நம் ஊர்ப்பக்கத்துக்கு வருவோம். 1970-களில் ஓசூரில் தொழிற்பேட்டை வந்தது முதல் வெளியூரார் வந்துகொண்டேயிருக்கிறார்கள். இன்று வடதேசத்துப் பிள்ளைகளும் வந்து, ஒரே அறையில் நாலைந்து பேராகப் படுத்து, மாற்றி மாற்றி ஷிப்டுக்குப் போகிறார்கள். கம்பெனியில் அவர்களுக்கு ஒரு அடையாள நம்பர். வீட்டுக்காரருக்கு அவர்கள் 'அந்த ரூம்காரர்கள்'. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் 'வேலைக்காரி'. ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிப்பவள் 'கூலியாள்'. ஆகாருக்கு நேர்ந்தது இதுதானே! பேர்சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. அவர்களைப் பேர்சொல்லி அழைக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர்களுடைய கூலியை நாம் பிடித்து வைத்தால் அதையும் அவர் காண்கிறார். துன்பப்படுகிறவனுக்கு ஆறுதலான அதே பெயர், துன்பப்படுத்துகிறவனுக்குப் பயங்கரமான பெயர்.

ஆகவே இந்த வாரத்துக்கு மூன்று காரியங்கள். முதலாவது, சத்தியத்துக்கும் சலிப்புக்கும் ஆண்டவர் பெயரை இழுக்காதிருங்கள். இரண்டாவது, உங்கள் வீட்டிலோ வயலிலோ உழைக்கிற ஒருவருடைய பெயரையும் ஊரையும் கேட்டறிந்து, அப்பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கூலி பாக்கியிருந்தால் ஞாயிறு பூசைக்கு முன் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது, இராத்திரி ஜெபத்தில் உங்கள் தேவைக்கேற்ற பெயரால் அவரை அழையுங்கள். யானை வருமென்று கேழ்வரகுக் கொல்லையில் பரண்மேல் கண்விழித்திருக்கும் சகோதரனே, நீ அவரை 'என்னைக் காண்கிறவரே' என்று கூப்பிடு. நாளைய அரிசிக்கு வழி தெரியாத தாயே, 'பார்த்துக்கொள்கிறவரே' என்று கூப்பிடு. ஒருவரையும் கூப்பிட முடியாமல் மனம் ஒடிந்தவனே, நம் ஆண்டவர் யேசுநாதர் ஒலிவத் தோட்டத்தில் வியாகுலத்தோடு கூப்பிட்டபடி, 'அப்பா' என்று மாத்திரம் சொல். அது போதும்.

அவர் நம்மைக் காண்கிறார். நாமும் ஒருவரையொருவர் காண்போமாக. ஆமென்.