வீட்டுக் கணக்கில் எழுதப்படாத செலவு

வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார் என்று இரண்டு சோதனைகளாகச் சொல்லி வைத்தார்கள் முன்னோர். கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊர்களில் இவ்விரண்டும் ஒன்றே. காத்தான்குடி தொடக்கம் அக்கரைப்பற்று வரை, பெண்ணுக்கு வீடு என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்காமல் கலியாணப் பேச்சு நகர்வது அரிது. தாய்வழிக் குடிமரபு வேரோடிய இம்மண்ணில், மணமான ஆண் மனைவியின் வீட்டுக்கே குடிபோகிறான். எனவே ஒரு வாப்பா தான் வாழ்வதற்காக மட்டும் வீடு கட்டுவதில்லை. மகள் வாழ்வதற்காகக் கட்டுகிறார். உழைப்பவர் ஒருவர், வாழ்பவர் இன்னொருவர், அளவைத் தீர்மானிப்பவரோ மூன்றாமவர். இத்தகைய வீட்டுக்குச் சிக்கனமாகத் திட்டமிடுவது எப்படி? இது மேசன் பாஸிடம் கேட்டுத் தீர்க்கும் கேள்வியல்ல, அறம் சார்ந்த கேள்வி என்றே நான் கருதுகிறேன்.

இவ்வழக்கத்தை முற்றாகப் பழித்துவிட எனக்கு மனமில்லை. மஹர் கொடுத்து மணக்க வேண்டிய மார்க்கத்தில் பெண் வீட்டாரிடம் வீடு கேட்பது முரண்தான். ஆனால் காணி உறுதி பெண்ணின் பெயரில் இருக்கும்போது, தலாக் நேர்ந்தாலும் அவள் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதில்லை. அந்தப் பாதுகாப்பு பெரிது. எனினும் அது உறுதியிலும் கூரையிலும் இருக்கிறதே தவிர, மேல்மாடியிலும் டைல்ஸிலும் இல்லை. மகளுக்கு வேண்டியது ஒரு வீடு. அதற்கு மேல் எழும் சுவர்களில் அயலாரின் கண்ணுக்காகக் கட்டப்படுபவை எத்தனை என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆயிரம் ரூபாவை அண்டியிருந்த 50 கிலோ சீமெந்து மூடை, 2022இல் மூவாயிரத்தைத் தொட்டது. கையிலிருந்த காசையெல்லாம் இரண்டு மாடிக்கான அத்திவாரத்திலும் தூணிலும் புதைத்தவர்களிடம் துருவேறிய கம்பிகள் எஞ்சின. இரண்டு அறைக்கும் ஒரு குசினிக்கும் முதலில் கூரை போட்டவர்கள் குடிபுகுந்தார்கள். குடியிருக்கத்தக்க கட்டம்வரை கையிலுள்ள பணம் போதுமா என்று முதலில் பார்ப்பதும், மதிப்பீட்டுக்கு மேல் பத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வைப்பதும் இத்தொழிலில் பழகியவர்கள் எல்லோரும் சொல்லும் புத்தி. அது தெரியாததால் நாம் சறுக்குவதில்லை. தெரிந்துகொண்டே அதனை மீறுகிறோம்.

வீண்விரயம் என்பதை நாம் தொகையால் அளக்கிறோம். அல்குர்ஆன் அதனை வேறு விதமாக அணுகுகிறது. பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 26ஆம் வசனம் உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் அவரவர் உரிமையைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் வீண்விரயத்தைத் தடுக்கிறது. இந்த அடுத்தடுத்த வைப்பை நான் இவ்வாறு விளங்கிக்கொள்கிறேன்: பிறருடைய ஹக்கைக் கரைத்துச் சுவராக்கினால் சிறிய வீடும் வீண்விரயமே.

அப்படிப் பார்த்தால், நமது மதிப்பீட்டுத் தாளில் மணலும் கல்லும் கம்பியும் மரமும் இருக்கின்றன. முக்கியமான செலவுகள் இல்லை. மத்திய கிழக்கில் கழிந்த வாப்பாவின் வருடங்கள் அதில் இல்லை. மூத்தவளின் வீட்டுக்காக நிறுத்தப்பட்ட இளையவளின் படிப்பு இல்லை. வியர்வை உலரும் முன் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவிய கூலி அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படுகிறதே, அது இல்லை. வீட்டுக்கென்று சேர்த்த பணமும் நிஸாபை அடைந்து ஓராண்டு கடந்தால் இரண்டரை வீதம் ஸகாத்துக்குரியது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. அந்த வரியும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மகளிடம் திறப்பைக் கொடுத்த பிறகு உம்மாவும் வாப்பாவும் எங்கே படுப்பார்கள் என்ற வரி இல்லை. வாழ்நாள் உழைப்பைக் கொட்டியவர்கள் பின்வளவில் ஒரு பத்தியில் ஒதுங்குவது நமக்குப் பழகிப்போன காட்சி. அவர்களுக்கான அறையைத் தாளின் முதல் வரியாக எழுதிவிட்டு மற்றவற்றைத் தொடங்குவதே நீதி.

"சொல்வது லேசு, சின்ன வீடென்றால் மாப்பிள்ளை வருவாரா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெண்ணைப் பெற்றவரிடம் மட்டும் சிக்கனத்தைப் போதிப்பது அநீதி. கோலை வைத்திருப்பவர் அவரல்லர். ஆனால் மாப்பிள்ளை வீட்டாரும் வேறு எங்கிருந்தோ வந்தவர்களா? மகளுக்காகக் கடன்பட்டுக் கலங்கிய அதே குடும்பம், மகனின் முறை வரும்போது எத்தனை அறை, மேலே தட்டுப் போட்டாயிற்றா என்று விசாரிக்கிறது. பட்ட கடனை அடுத்தவர் வாசலில் வசூலிக்கும் இந்தச் சங்கிலியில் நம்மில் அநேகர் இரு முனைகளிலும் நிற்கிறோம்.

ஆகவே வீட்டுக்கான சிக்கனம் பெண் வீட்டாரின் வளவில் கல் இறக்கும் நாளில் தொடங்குவதல்ல. மாப்பிள்ளை வீட்டுத் திண்ணையில், நாம் கேட்கும் இடத்தில் இருக்கும்போது, கேளாமல் விடுவதில் தொடங்குகிறது. மகளைப் பெற்றவராக நாம் எழுதும் கணக்கு நேராக வேண்டுமானால், மகனைப் பெற்றவராக நாம் பேசும் பேச்சு முதலில் நேராகட்டும்.