மறைத்தலும் திருத்தலும்

பலர் கூடிச் செய்யும் பணியில் ஒருவர் இழைத்த பிழையை மற்றொருவர் அறிய நேர்ந்தால், அதனை வெளியிடுதல் அறமா, மறைத்தல் அறமா? நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனத்தையும் ஒன்றாக வைத்துப் போற்றும் நமக்கு இவ்வினா எளிதானதன்று. பிறர் குற்றத்தைத் தூற்றாதே என்று சொல்லித்தான் நம் இல்லங்களில் பிள்ளைகளை வளர்க்கிறோம்.

அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன் என்னும் அம்மையார், 1990-களின் தொடக்கத்தில் இரண்டு மருத்துவமனைகளின் எட்டுப் பிரிவுகளை ஆராய்ந்தார். மருந்து கொடுப்பதில் நேர்ந்த பிழைகளின் கணக்கு ஒருபுறம். அப்பிரிவினர் தம்முள் எத்துணை இணக்கமாகப் பணியாற்றுகின்றனர் என்னும் கணக்கு மறுபுறம். இணக்கம் மிக்க குழுவில் பிழை குறைந்திருக்கும் என்றே அவர் எதிர்பார்த்தார். நாமும் அவ்வாறே எண்ணியிருப்போம். கிடைத்த விடையோ நேர்மாறு. நல்ல குழுக்களில்தாம் பிழைகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன!

காரணம் காண, இம்முடிவுகளை அறியாத வேறொருவர் அப்பிரிவுகளுக்குச் சென்று உடனிருந்து கண்டும் உசாவியும் வந்தார். சில பிரிவுகளில் தலைமைச் செவிலியர், பிழை மனிதர்க்கு இயல்பு, அதனை உடனே சொல்வதே நோயாளிக்குக் காப்பு எனக் கருதினர். அங்கே செவிலியர் தாமே வந்து உரைத்தனர். வேறு சிலவற்றில் உரைத்தவர் குற்றவாளிபோல் நிறுத்தப்பட்டார். அங்கே வாய்கள் அடைத்துக்கொண்டன. ஆகவே, ஏட்டில் கண்ட சிறிய எண் பிழையின்மையைக் காட்டவில்லை, பேசாமையையே காட்டியது என்பது அவர் துணிபு. இது 1996-இல் வெளிவந்தது. பின்னர் ஒரு தொழில் நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999-இல் எழுதிய கட்டுரையில், அச்சமின்றிப் பேச இடமுள்ள குழுவே கற்றுக்கொள்கிறது, அக்கல்வியின் வழியே அதன் செயல்திறனும் உயர்கிறது என்றார்.

இதனைப் படித்தபோது நமக்குப் பழைய மதிப்பெண் பதிவேடு ஒன்று கண்முன் வந்தது. நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில், உடன் ஆசிரியை ஒருவர் கணக்குப் பாடத்தில் ஒரு சிறுமியின் 42 மதிப்பெண்ணை 24 என மாற்றி எழுதிவிட்டார். சிறுமி தேர்ச்சி பெறவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த பின் பழைய விடைத்தாள்களைக் கட்டும்போது நாமே அதனைக் கண்டோம். ஆசிரியை கண்ணீர் விட்டார். தலைமை ஆசிரியையோ எவரையும் அனைவர் முன்னிலையிலும் நிறுத்திக் கடிந்துரைப்பவர். ஆசிரியைகள் நால்வர் கூடிப் பேசி, மறைத்துவிட்டோம். உபகூகனம் என்ற சொல்லையே நாம் அப்போது மனத்துள் கூறிக்கொண்டோம். சிறுமியின் தந்தை அவ்வாண்டே அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்.

உபகூகனம் அதுவன்று. அறியாதோராலும் ஆற்றலற்றோராலும் தூய நெறிக்கு வரும் பழியைத் துடைத்தலே அது என்று சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் விளக்குகிறார். அதனை அடுத்து நிற்கும் அங்கம் ஸ்திதிகரணம். வழுவியவரை மீண்டும் நிலைநிறுத்துதல். முன்னதைச் செய்து பின்னதை விட்டால் எஞ்சுவது மறைப்பு மட்டுமே. நாம் அந்த ஆசிரியையை நிலைநிறுத்தவும் இல்லை. சிறுமிக்கு உரியதைத் திருப்பித் தரவும் இல்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனுள் எது நம்முடையது என்பதை வாசகர்கள் அறிவர்.

அச்சம் நீங்கினால் அசட்டை புகாதோ என்பார் உளர். நியாயமான ஐயமே. பிரான்சு நாட்டு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மான் 1913-இல் வெளியிட்ட கயிறிழுப்புச் சோதனையில், எண்மர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனித்து இழுக்கும் வலிமையில் ஏறத்தாழப் பாதியே வெளிப்பட்டது. எனினும், அவரவர் பங்கு இன்னதென அறியப்படும்போது இச்சோர்வு மறைவதாக 1981-இல் பிற ஆய்வாளர் காட்டினர். பிழை யாருடையது என அறிதல் வேண்டும். அறிந்த பின் அவரை எவ்வாறு நடத்துவது என்பது வேறு வினா. நம் பள்ளிகளும் அலுவலகங்களும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புகின்றன.

நம் முன்னோர் குழப்பவில்லை. தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஒன்பது பிராயச்சித்தங்களுள் முதலாவது ஆலோசனை. குருவிடம் தன் பிழையைத் தானே உரைத்தல். அதற்குப் பத்துக் குற்றங்களையும் வகுத்தனர். பிறர் கண்டுவிட்ட பிழையை மட்டும் உரைத்தல் ஒன்று. பலர் பேசும் ஆரவாரத்தினிடையே குரு செவியில் தெளிவாக விழாதபடி உரைத்தல் மற்றொன்று. மனித மனத்தை எத்துணை நன்கு அறிந்திருந்தனர்! கேட்கும் குருவுக்கும் கடமை உண்டு: கேட்டதைப் பிறரிடம் வெளியிடாதிருத்தல். நம் தலைமை ஆசிரியையிடம் அக்குணம் இருந்திருப்பின் நாம் சென்றிருப்போமோ? சென்றிருப்போம் என உறுதி கூற இயலவில்லை.

அவ்வாண்டு தசலட்சண பர்வத்தின் மூன்றாம் நாள், ஜினாலயத்தில் உத்தம ஆர்ஜவம் குறித்து உரையாற்ற அழைக்கப்பட்டவரும் நாமே. முக்கால் மணி நேரம் பேசினோம்.