குறையாத செல்வமும் எட்டாத குழந்தையும்

கொடுத்தால் குறைகின்ற செல்வங்கள் பல. நெல்லைக் கொடுத்தால் குதிர் குறைகிறது. நிலத்தைக் கொடுத்தால் எல்லை சுருங்குகிறது. கல்வி ஒன்றே கொடுத்தவரிடமும் முழுமையாக நிற்கிறது, பெற்றவரிடமும் முழுமையாகச் சேர்கிறது. வித்யாதானத்தை நம் முன்னோர் போற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சிறப்பினுள்ளே கடுமையான ஓர் அறநெறியும் அடங்கியிருக்கிறது. பசித்தவனுக்கு உணவிடாதவன், 'என் குதிர் காலி' என்று சொல்லித் தப்பலாம். அறிவைப் பகிராதவனுக்கு அந்தச் சாக்கு கிடையாது. கணினி யுகத்தில் இது இன்னும் தெளிவாகிவிட்டது. ஒரு பாடத்தை லட்சம் பிரதிகள் எடுத்தாலும் மூலப் பாடத்தில் ஓர் எழுத்தும் தேய்வதில்லை. அப்படியிருந்தும் மலையோரத்துச் சிறுவன் ஒருவனுக்கு அந்தப் பாடம் எட்டவில்லை என்றால், குறை எங்கே இருக்கிறது?

கர்நாடகத்தின் தென்கோடியில், மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் வழியில் இருக்கிறது ஹனூர். 1956-இல் மாநிலங்கள் சீரமைக்கப்படும்வரை இப்பகுதி சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. பின்பு மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் உருவானபோது அதன் பகுதியாயிற்று. கன்னடம், தமிழ், சோலிகரின் மொழி ஆகிய மூன்றும் இங்கே வழங்குகின்றன. சுற்றியுள்ள காட்டுக் குடியிருப்புகள் பலவற்றுக்குச் சாலையும் மின்சாரமுமே தாமதமாகத்தான் வந்து சேர்ந்தன. இணையம் அவற்றுக்கும் பின்னால் வருவது.

மைசூர் மன்னருக்கு ஒரு கடிதம்

1894 ஜூன் 23-ஆம் நாள் சிகாகோவிலிருந்து சுவாமி விவேகானந்தர் மைசூர் மகாராஜாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏழைச் சிறுவன் வயலில் உழைக்க வேண்டியிருப்பதால் இலவசப் பள்ளியைத் திறந்து வைத்தாலும் அவனால் வர முடியாது. ஆகவே கல்விதான் அவனைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். துறவிகள் மாலை வேளையில் கேமராவும் பூகோள உருண்டையும் வரைபடங்களும் எடுத்துக்கொண்டு கிராமங்களுக்குச் செல்லலாம் என்ற யோசனையையும் அவர் அதில் முன்வைத்தார். அக்காலத்தின் புதிய கருவிகளை ஏழையின் வாசலுக்கே கொண்டு செல்லும் திட்டம் அது. அந்நாளில் ஹனூர் அம்மன்னரின் ஆட்சிக்குள் இருக்கவில்லை. ஆனால் கல்வி தேடிச் செல்ல வேண்டிய தூரத்திற்கு அரசுகளின் எல்லை பொருட்டல்ல.

அந்த யோசனை பின்னர் பல வடிவங்களில் நடைமுறைக்கு வந்தது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையோடு கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழியே கல்வி நிகழ்ச்சிகள் சென்றன. 2004 செப்டம்பர் 20 அன்று இந்தியா கல்விக்கென்றே 'எஜுசாட்' என்ற செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. அதன் பாடங்களைப் பெற்றவற்றுள் சாமராஜநகர் மாவட்டத்தின் 800-க்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளும் இருந்தன. 2010-இல் அச்செயற்கைக்கோள் பணியை முடித்துக்கொண்டது.

வானிலிருந்து பொழியும் பாடம் மழையைப் போன்றது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பெய்கிறது. அன்று ஆடு மேய்க்கப் போன சிறுவனுக்கு அது கிடைப்பதில்லை. புரியாதவன், 'மீண்டும் ஒருமுறை' என்று கேட்கவும் வழியில்லை.

பெட்டிக்குள் ஒரு நூலகம்

இக்குறையை நீக்க இன்னொரு வழி பிறந்தது. 'கிவிக்ஸ்' என்ற மென்பொருள் 2007 முதல் விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்க உதவி வருகிறது. 2012-இல் கான் அகாடமியின் பாடங்களை இணையம் இல்லாத இடங்களுக்குக் கொண்டு செல்ல 'கேஏ லைட்' தோன்றியது. அதை உருவாக்கியவர்களே பின்பு 'கோலிப்ரி' என்ற மென்பொருளை வடித்து இலவசமாக அளித்தனர்.

இவை இயங்கும் முறை எளிது. இணையம் உள்ள ஊரில் பாடங்களைப் பதிவிறக்கம் செய்து, உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினியில் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதைப் பள்ளிக்குக் கொண்டு சென்று இயக்கினால், அவ்வறைக்குள் மட்டும் ஒரு வைஃபை வட்டம் உண்டாகிறது. பழைய கணினியோ கைபேசியோ எதுவாயினும் அதில் இணைந்து பாடத்தைத் திறக்கலாம். சூரிய மின்தகடும் மின்கலமும் இருந்தால் மின்வெட்டும் தடையாகாது. பிள்ளை தன் வேகத்தில் கற்கிறான். புரியாததைப் பத்து முறை பார்க்கிறான்.

ஆயினும் ஓர் ஆட்சேபம் எழுகிறது. நகரத்துப் பிள்ளைக்குக் கடல். மலைப் பிள்ளைக்கு மட்டும் குடத்து நீரா? ஏழைக்கு இது போதும் என்ற எண்ணம் இதில் ஒளிந்திருக்கிறதல்லவா?

இந்த ஆட்சேபத்தில் உண்மை உண்டு. ஆனால் தாகத்தில் இருப்பவனிடம், 'கால்வாய் வரும்வரை பொறு' என்று சொல்வதும் தர்மமாகாது. குடத்து நீரைக் கொடுப்பதில் குற்றமில்லை. குடத்தைக் கொடுத்தபின் கால்வாயை மறப்பதே குற்றம். பெட்டியை வழங்கியதோடு கடமை தீர்ந்தது என்று அரசோ தொண்டரோ எண்ணினால், தானமே அநீதிக்குத் திரையாகிவிடும்.

இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. பெட்டிக்குள் எதை வைப்பது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? கொடுப்பவர் தேர்ந்தெடுக்கிறார்; பெறுபவர் வாய் திறப்பதில்லை. வீட்டில் சோலிக மொழியையோ தமிழையோ பேசி, பள்ளியில் கன்னடத்தில் பயிலும் குழந்தைக்கு ஆங்கிலப் பாடங்கள் நிரம்பிய பெட்டியால் என்ன பயன்? பிலிகிரிரங்கன் மலையின் சோலிகர்கள் 2011-இல், புலிகள் வாழும் அக்காட்டில் தங்கள் சமூக வன உரிமைக்கு அங்கீகாரம் பெற்றவர்கள்; மரத்தையும் தேனையும் பருவத்தையும் தலைமுறைகளாக அறிந்தவர்கள். அவர்களின் அறிவு சிறிதும் இடம்பெறாத ஒரு நூலகம், 'உன் பாட்டனுக்கு ஒன்றும் தெரியாது' என்பதையும் சேர்த்தே அந்தக் குழந்தைக்குக் கற்பித்துவிடும்.

ஆகவே பெட்டி இரு திசையிலும் பயணம் செய்ய வேண்டும். போகும்போது பாடங்களைச் சுமந்து செல்லட்டும். திரும்பும்போது பிள்ளைகளின் கேள்விகளையும் முதியவர்களின் குரலையும் சுமந்து வரட்டும். அடுத்த முறை அதில் எதை நிரப்புவது என்பதை அந்தக் கேள்விகள் சொல்லும்.

கொடுக்கும் முறை

2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கர்நாடக அரசு 'வித்யாகம' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆசிரியர்கள் கிராமங்களுக்கே சென்று கோயில் திண்ணையிலும் மரத்தடியிலும் பாடம் நடத்தினர். தொற்றின் அச்சத்தால் அவ்வாண்டு அக்டோபரில் அது நிறுத்தப்பட்டது. எனினும் ஓர் உண்மையை அது உணர்த்திச் சென்றது. கணினிக்குள் ஆயிரம் பாடங்கள் இருக்கலாம். 'நேற்று ஏன் வரவில்லை?' என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் இல்லாத ஊரில் எவ்வளவு சிறந்த கருவியும் அலமாரிக்குள் பூட்டப்பட்டுத் தூசி படியும்.

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்று ஓர் அதிகாரம் வைத்தார். ஏட்டை எட்ட முடியாதவனுக்கும் கற்றவரின் அருகாமை ஒரு வழி என்பது அவ்வைப்பு முறையிலேயே புலனாகிறது. தைத்திரீய உபநிஷதமும், குருகுலம் முடித்து இல்லம் திரும்பும் மாணவனுக்கு எதைக் கொடுப்பது என்பதைவிட எந்த மனநிலையோடு கொடுப்பது என்பதையே வலியுறுத்துகிறது. சிரத்தையும் பணிவும் இல்லாத கொடை, பொருளை இடம் மாற்றுவதோடு நின்றுவிடுகிறது.

பழைய கணினி ஒன்றை மலைப் பள்ளிக்கு வழங்க விரும்பும் அன்பர்கள் பலர் உண்டு. அது நற்செயலே. ஆனால் அதனோடு சேர்த்து எண்ண வேண்டியவை சில. அங்கே அதை நாள்தோறும் திறக்கப் போவது யார்? எந்த மொழியில் அது பேசப் போகிறது? மூன்று மாதம் கழித்துப் பழுது பார்க்கவும், பிள்ளைகளின் கேள்விகளைக் கேட்டு வரவும் மீண்டும் மலையேறப் போவது யார்? இவற்றுக்கு விடை தேடிக்கொண்டு புறப்படுபவர் கையிலுள்ள கருவி மிக எளியதாயினும் வித்யாதானம் முழுமை பெறுகிறது. முதல் பயணத்தில் பாராட்டுக் கிடைக்கும், புகைப்படமும் எடுப்பார்கள். யாரும் பாராட்டாத இரண்டாவது பயணமே அந்தக் குழந்தைக்குத் தேவை.