வாங்கியதன் ஞாபகம்

ஓர் ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையின் 365 படிகளை ஏறத் தொடங்குமுன், அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தலில் சற்று நின்றேன். காவடி சுமந்து வருகிறவர் தமிழரா, தெலுங்கரா என்றுகூடப் பாராமல் நீர்மோர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த பையனுக்கு இருபது வயதிருக்கும். தன் சட்டை நனைந்ததும் அவனுக்குத் தெரியவில்லை. பந்தல் போட்டவரோ நடுவயதுக்காரர். கடன், குடும்பம், பெண்ணின் கல்யாணம் இவற்றுக்கிடையே ஒதுக்கிய பணமாகையால், தம் கடையின் பெயர்ப்பலகை நேராகத் தொங்குகிறதா என்று இரண்டு முறை வந்து பார்த்துப் போனார். அவரைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. திருவள்ளுவர் ஈகையை இல்லறவியலில் வைத்து, அடுத்து புகழை வைத்து, அதையும் கடந்து துறவறவியலின் வாயிலில்தான் அருளுடைமையை வைத்திருக்கிறார். கொடுக்கிறவன் புகழென்னும் படியை மிதியாமல் மேலே போவது அரிது என்று அந்த வைப்புமுறைக்கு நான் பொருள் கொள்கிறேன். உரையாசிரியர்கள் சம்மதிப்பார்களோ, மாட்டார்களோ!

வயது ஏற ஏற மனம் தானே விசாலமடையும் என்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமுண்டு. தள்ளாத பருவத்தில் சாவிக்கொத்தை இன்னும் இறுக்கிச் செருகிக்கொள்கிறவர்களை நாம் பார்த்ததில்லையா? தேவை குறைந்ததனால் கொடுப்பது வீட்டை ஒழிப்பதைப் போன்றது. அதற்குத் தர்மம் என்ற பெயர் அதிகம். முதுமையில் முதிர வேண்டியது, தான் பிறரிடம் வாங்கியதன் ஞாபகமே என்று எனக்குத் தோன்றுகிறது.

இதே திருத்தணியில் 1888-இல் பிறந்த ராதாகிருஷ்ணன் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளை, உபகாரச் சம்பளத்தில் படித்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் அவர் தத்துவம் எடுத்ததற்கே, உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த புத்தகங்களைக் கொடுத்ததுதான் காரணம் என்பார்கள். 1962-இல் ராஷ்டிரபதியானவர், 10,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் 2,500 மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுக்கொடுத்தார். மரணமடைந்த 1975-ஆம் ஆண்டிலேயே கிடைத்த டெம்பிள்டன் பரிசுத் தொகையையும், தாம் கற்பித்த ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்கே அளித்தார். ஒரு பழைய புத்தகக் கட்டு எங்கே புறப்பட்டு எங்கே போய் இறங்கிற்று, பாருங்கள்!

ஆயினும் இந்த ஞாபகம் எளிதில் வருவதன்று. பந்தலண்டை வந்த மூதாட்டி ஒருத்தி, ஆயுள் முழுதும் பிறருக்குப் பரிமாறியே பழகிய கைபோலும், பையன் நீட்டிய டம்ளரை வாங்காமல் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை தேடினாள்.

“காசெல்லாம் வேணாம் பாட்டி, குடிங்க.”

அவள் டம்ளரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். முடிச்சை மறுபடி போட்டுக்கொண்டு, நிதானமாகக் குடித்தாள். பிறகு, முதற்படியில் கால் வைக்க, தானாகவே அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.