பாதி வழியில் நிற்பது தோல்வியா?



ஓட்டப் பந்தயம் என்றால் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் ஓடுவது என்றிருந்த காலம் போய்விட்டது. இன்று பெரிய நகரங்களில் சாலையையே மைதானமாக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் ஓடுகிறார்கள். 10 கிலோ மீட்டர் ஓட்டம், 21 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகமான அரை மாரத்தான், 42 கிலோ மீட்டர் 195 மீட்டர் கொண்ட முழு மாரத்தான் என்று அவற்றுக்கு அளவுகளும் பெயர்களும் இருக்கின்றன. சென்னையில் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் இத்தகைய ஓட்டம் நடைபெறுகிறது. ஓடுவோரில் கடைச் சிப்பந்தி உண்டு. வங்கி அலுவலர் உண்டு. சர்க்கரை நோய்க்காக மருத்துவர் நடக்கச் சொல்ல, நடையில் தொடங்கி ஓட்டத்துக்கு வந்து சேர்ந்த நடுவயதினரும் உண்டு. நம் மஹல்லாக்களைச் சேர்ந்த வாலிபர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

இதில் ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். முதலிடம் ஒருவருக்கே கிடைக்கும். மற்றவர்கள் தமக்கு அது கிட்டாது என்று அறிந்தே ஓடுகிறார்கள். முதன்முறையாக நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தவரிடம், "பின் எதற்காக ஓடுகிறீர்?" என்று கேட்டுப் பாருங்கள். "முடித்துக் காட்ட வேண்டும்" என்பார். முடிப்பது நல்லதுதான். ஆனால், காட்டுவது யாருக்கு? நமது விசாரம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

துணிக்கடையில் நாள் முழுதும் நின்று வேலை செய்து குடும்பத்தைக் காக்கும் வாலிபர் ஒருவர் நம்மிடம் வந்தார். அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். பயிற்சியின்போது முழங்காலில் வலி கண்டுவிட்டது. தாயார் வேண்டாம் என்கிறார். "ஹஸ்ரத், எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஓடாமல் விட்டாலோ, பாதியில் நின்றாலோ எப்படி முகத்தைக் காட்டுவேன்? வலியைப் பொறுத்துக்கொண்டு முடித்தால் அது ஸப்ரு ஆகாதா?" என்று கேட்டார். இது அவர் ஒருவரின் கேள்வி மட்டுமன்று. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

மார்க்கத்தில் இடம் உண்டா?

ஓட்டம் என்பதே வீண் விளையாட்டு என்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. அது சரியன்று. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பிரயாணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓடினார்கள். அன்று அன்னையவர்கள் முந்தினார்கள். பின்னொரு காலத்தில் அன்னையவர்களுக்கு உடல் சற்றுப் பருத்திருந்தபோது மீண்டும் ஓடினார்கள். அம்முறை நாயகம் (ஸல்) அவர்கள் முந்தினார்கள். அன்றைய ஓட்டத்துக்கு இது ஈடாயிற்று என்று இனிமையாகச் சொன்னார்கள். இது அபூதாவூதில் வரும் செய்தி. பலமுள்ள முஃமின் பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்கு உவப்பானவர், இருவரிடமும் நன்மை உண்டு என்னும் கருத்துடைய ஹதீதும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

ஆனால் வரம்புகள் உண்டு. ஓடுகிறவர்கள் ஆளுக்கொரு தொகை போட்டு, முந்தியவர் அதை அள்ளிக்கொள்வது சூதாட்டம், அது ஹராம். பந்தயப் பொருள் ஏதுமின்றி ஓடுவது ஆகும். வெளியார் வைக்கும் பரிசுப் பணத்தைப் பற்றி ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் ஃபிக்ஹு நூல்களில் விரிவான பேச்சு இருக்கிறது. அதைத் தத்தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. ஆயிரவரில் ஒருவராக ஓடப்போகும் நம் வாலிபருக்கு அந்தக் கவலை இல்லை! ஆண்கள் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைத்தே ஓட வேண்டும் என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறோம்.

ஸலமா (ரலி) அவர்களின் ஓட்டம்

நெடுந்தூர ஓட்டத்துக்கு ஸஹாபாக்களிடமே முன்மாதிரி இருக்கிறது. தூகரத் என்னும் இடத்திலிருந்து நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுடன் மதீனா திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒட்டகங்களைக் கொள்ளையிட்டுச் சென்றவர்களைக் கால்நடையாகவே விரட்டிச் சென்ற ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள், நாயகம் (ஸல்) அவர்களின் அள்பா என்ற ஒட்டகத்தில் அவர்களுக்குப் பின்னால் அமர்ந்திருந்தார்கள். ஓட்டத்தில் எவராலும் முந்தப்படாத அன்ஸாரித் தோழர் ஒருவர், மதீனா வரை தம்முடன் ஓடுவோர் உண்டா என்று திரும்பத் திரும்ப அறைகூவினார். ஸலமா (ரலி) அவர்கள் அனுமதி பெற்று ஒட்டகத்திலிருந்து குதித்து ஓடினார்கள்.

ஓடத் தொடங்கியதும் அவர்கள் செய்தது என்ன? பாய்ந்து முந்தவில்லை. ஒரு மேடு, இரு மேடு தூரம் தம்மை அடக்கிக்கொண்டு மூச்சைச் சேமித்தார்கள். பிறகு அவரைத் தொடர்ந்து ஓடி, மீண்டும் ஒரு மேடு, இரு மேடு தூரம் அடக்கினார்கள். அதன் பின்னரே வேகமெடுத்து அவரை எட்டி, தோள்களுக்கிடையே தட்டி முந்திச் சென்றார்கள். ஸலமா (ரலி) அவர்களே எடுத்துரைக்கும் இவ்வரலாறு ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

முதல் நெடுந்தூர ஓட்டத்துக்குப் புறப்படுகிற எவருக்கும் இதைவிடச் சிறந்த பாடம் வேண்டியதில்லை. நாம் உண்ணும் சோற்றின் மாவுச்சத்து தசைகளிலும் ஈரலிலும் ஓரளவே சேர்ந்திருக்கும். வேகம் கூடக்கூட அச்சேமிப்பு விரைவில் கரையும். முழு மாரத்தான் ஓடுவோரில் பலர் 30 கிலோ மீட்டரை நெருங்கும்போது கால் நகராமல் திண்டாடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். புதியவரோ, கூட்டமும் கைதட்டலும் இழுக்க, முதல் இரண்டு மூன்று கிலோ மீட்டரிலேயே தம் பலத்தைச் செலவிட்டுவிடுகிறார். பக்கத்தில் ஓடுகிறவருடன் பேச முடிகிற அளவு வேகமே அவருக்குப் போதும். பலர் தம்மைத் தாண்டிச் செல்வதைப் பார்த்துக்கொண்டே நிதானமாக ஓடுவது கால்களுக்கு எளிது, நஃப்ஸுக்குத்தான் கடினம்.

சோமாலிய வம்சத்தவரான மோ ஃபாரா என்ற முஸ்லிம் வீரர் பிரிட்டனுக்காக ஓடி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கப் பதக்கம் பெற்றார். வெற்றிக்குப்பின் அவர் ஸஜ்தாவில் விழுந்ததை உலகமே கண்டது. அத்தகையவர் 2014-இல் லண்டனில் தமது முதல் முழு மாரத்தானை ஓடியபோது 2 மணி 8 நிமிடம் 21 நொடியில் 8ஆவதாகவே வந்தார். 2018-இல் சிகாகோ மாரத்தானில் 2 மணி 5 நிமிடம் 11 நொடியில் முதலாவதாக வந்தார். இடையே நான்கு ஆண்டுகள்! முதல் ஓட்டத்திலேயே எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்பது எவருக்கும் விதியன்று.

வலியில் நன்மை உண்டா?

இனி அவ்வாலிபரின் கேள்விக்கு வருவோம். வயோதிகர் ஒருவர் தம் இரு மகன்களின் தாங்கலில் தள்ளாடி நடந்து வருவதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டு விசாரித்தார்கள். கஃபாவுக்கு நடந்தே செல்வதாக நேர்ச்சை செய்திருக்கிறார் என்றார்கள். அவர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று கூறி, வாகனத்தில் ஏறிச் செல்லும்படி பணித்தார்கள். மற்றொரு முறை பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே கயிறு கட்டியிருக்கக் கண்டார்கள். தொழுகையில் களைப்புற்றால் பிடித்துக்கொள்வதற்காக ஜைனப் (ரலி) அவர்கள் கட்டியது என்று அறிந்ததும், அதை அவிழ்க்கச் சொல்லி, தெம்புள்ளவரை தொழுது, களைத்தால் அமரும்படி போதித்தார்கள். இவ்விரண்டும் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகின்றன.

அப்படியானால் கஷ்டப்படுவதற்குக் கூலியே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. தூரத்து வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து வருபவரின் ஒவ்வோர் எட்டுக்கும் நன்மை எழுதப்படுகிறது. ஆனால் பள்ளியின் பக்கத்து வீட்டுக்காரர், கஷ்டம் கூடட்டும் என்று ஊரைச் சுற்றி வந்தால் அவருக்கு அந்த நன்மை சேருமா? நற்செயலோடு ஒட்டி வருகிற சிரமம் வேறு. சிரமத்தையே நாடிச் செல்வது வேறு. சிரமத்தை அதற்காகவே நாடுவது அடியானுக்கு உரியதன்று என்று இமாம் ஷாதிபீ (ரஹ்) அவர்கள் 'அல்முவாஃபகாத்' என்னும் நூலில் விளக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ரமளான் நோன்பு பர்ளு. நோயாளிக்கு அதனால் தீங்கு நேரும் என்றால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய அல்லாஹ்வே சலுகை அளித்திருக்கிறான். அல்லாஹ் பர்ளாக்கியதிலேயே இந்தச் சலுகை இருக்க, எவரும் பர்ளாக்காத ஒரு பந்தயத்தை விடவே முடியாது என்பது என்ன நியாயம்? அந்த வாலிபரின் முழங்கால் அவருக்கு மட்டும் சொந்தமானதன்று. அது அல்லாஹ் தந்த அமானத்து. அதை நம்பி ஒரு தாயின் அடுப்பு எரிகிறது. ஊராரின் ஒரு நாள் பேச்சுக்காக அதைப் பணயம் வைப்பதற்கு ஸப்ரு என்று பெயரிட முடியாது.

"எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்" என்கிறாரே. அதற்கும் விடை உண்டு. ஊராரிடம் சொன்னது நேர்ச்சையாகிவிடாது. நாளை இதைச் செய்வேன் என்று சொல்லும்போது அல்லாஹ் நாடினால் என்று சேர்த்துச் சொல்லும்படி ஸூரத்துல் கஹ்ஃபில் நமக்குக் கட்டளை இருக்கிறது. இன்ஷா அல்லாஹ் என்று சொல்லியிருந்தால், அல்லாஹ் நாடவில்லை என்று அமைதியடையலாம். சொல்லாமல் விட்டிருந்தால், இப்போது அதைக் கற்றுக்கொள்ளலாம்.

ஆயினும் சலுகையின் நிழலில் சோம்பலும் ஒதுங்கும். கால் தசைகள் சோர்ந்து கனப்பதும், மேல்மூச்சு வாங்குவதும், போதும் என்று மனம் முணுமுணுப்பதும் ஓட்டத்தோடு ஒட்டி வரும் சிரமங்கள். வேகத்தைக் குறைத்து, வேண்டுமானால் நடந்து, அவற்றைக் கடக்கலாம். மூட்டில் குத்தும் வலி, நெஞ்சு வலி, தலைசுற்றல், புத்தித் தடுமாற்றம் ஆகியவை அப்படியல்ல. அவை கண்டால் நின்றுவிட வேண்டும். மருத்துவரிடம் போக வேண்டும். எது சோர்வு, எது தீங்கு என்பதை ஓடுகிறவரின் மனம் அறியும். அங்கே அவர் பொய் சொல்லாதிருப்பதே தக்வா. தண்ணீரிலும் இதே நிதானம் வேண்டும். தாகத்தை அலட்சியம் செய்வதும் கேடு. அளவு மீறிக் குடித்து இரத்தத்தின் உப்பைக் குறைத்துக்கொள்வதும் கேடு. குடித்த குவளையைச் சாலையில் வீசாதீர்கள். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளையன்றோ!

கடிகாரம் நிற்காத ஐந்து நிமிடம்

வெயிலுக்கு அஞ்சி இவ்வோட்டங்களை அதிகாலையிலேயே தொடங்கிவிடுகிறார்கள். ஜனவரியில் சென்னையில் சூரியன் ஏறத்தாழ 6.30 மணிக்கு உதிக்கிறது. அதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக முன்பே ஸுபுஹு வக்து தொடங்கிவிடும். வக்து வந்தபின் புறப்படுகிறவர் தொழுதுவிட்டுப் புறப்படலாம். இருட்டிலேயே ஓடத் தொடங்கியவருக்கோ வழியில்தான் வக்து வரும். வீட்டிலேயே ஒளுச் செய்துகொண்டு போகலாம். ஓடுவதாலோ வியர்வையாலோ ஒளு முறியாது. சாலையோரத்தில் சுத்தமான ஓரிடம், ஐந்து நிமிடம் போதும். முடித்த பிறகு தொழுதுகொள்ளலாம் என்று சூரியன் உதிக்கும்வரை பிற்படுத்த மார்க்கத்தில் இடமில்லை.

அந்த ஐந்து நிமிடத்தில் பந்தயக் கடிகாரம் நிற்காது. நூறு பேர் தாண்டிப் போவார்கள். பல மாதப் பயிற்சியால் குறைத்த நேரமெல்லாம் அதில் போய்விடும். முடித்துக் காட்ட ஓடுகிறவருக்கு அது பெரிய நஷ்டம். அல்லாஹ் தந்த பலத்துக்கு நன்றியாக ஓடுகிறவருக்கு அதில் நஷ்டம் ஏதுமில்லை. ஒருவர் எந்த நிய்யத்தில் ஓடுகிறார் என்பது பிறருக்குத் தெரியாவிட்டாலும், அந்த இடத்தில் அவருக்கே தெரிந்துவிடும். தொழுகைக்காக நிற்க முடிந்தவரால் உடலின் அமானத்துக்காகவும் நிற்க முடியும். இரண்டுக்கும் நிற்க முடியாதவர், எல்லைக்கோட்டைத் தொட்டாலும் தம் நஃப்ஸிடம் தோற்றவரே.

முந்தியவரும் பிந்தியவரும்

ஸலமா (ரலி) அவர்கள் அமர்ந்து வந்த அள்பாவை ஓட்டத்தில் எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமவாசி ஒருவர் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மிகுந்த வருத்தமாயிற்று. உலகில் எது உயர்ந்தாலும் அதைத் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைத் தேற்றினார்கள். புகாரியில் வரும் இச்செய்தி முந்தியவருக்குப் பணிவையும் பிந்தியவருக்கு ஆறுதலையும் தருகிறது.

ஆகவே வாலிபர்களே, ஓடுங்கள். சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டிப் பழகுங்கள். செயல்களில் அல்லாஹ்வுக்கு உவப்பானது, குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவதே. பெற்றோரின் அச்சத்தை ஏளனம் செய்யாதீர்கள். பெற்றோர்களே, ஓடாதே என்று தடுப்பதற்கு முன், மருத்துவரிடம் காட்டினாயா, ஸுபுஹை எங்கே தொழப்போகிறாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்விகள் பிள்ளைக்குத் துணையாக இருக்கும்.

நன்மைகளில் ஒருவரையொருவர் முந்திக்கொள்ளும்படி திருக்குர்ஆன் அழைக்கிறது. அந்த ஓட்டத்தில் முதல் பரிசு ஒருவருக்கு மட்டும் என்ற கணக்கு இல்லை. வல்ல அல்லாஹ் நம் உடல்களுக்கு ஆரோக்கியத்தையும், நிய்யத்துகளுக்குத் தூய்மையையும், ஓட வேண்டிய இடத்தில் ஓடவும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் தௌஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.