மொழியா, மரபா?

தமிழர் என்னும் தகுதிக்கு அடிப்படை மொழியா, முன்னோர் மரபா? மலாக்கா நகரின் காஜா பெராங் செட்டிக் கம்பம் இவ்வினாவை நம்முன் நிறுத்துகின்றது.

1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றுமுன்னரே வணிகத்தின் பொருட்டு இங்குக் குடியேறிய தமிழரின் வழித்தோன்றல்கள் மலாக்கா செட்டிகள். உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். பெண்டிர் கெபாயா அணிந்தனர். இல்லமொழி மலாய் ஆயிற்று. எனினும், 1781இல் அவர்தம் முன்னோர் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் நிற்கின்றது. போகியன்று வாழையிலையில் மலாய்ச் சுவை கலந்த உணவை முன்னோர்க்குப் படைக்கும் 'பார்ச்சு'ம் தொடர்கின்றது. நன்றியுணர்வு மொழியோடு மாய்ந்துவிடவில்லை.

அங்ஙனமாயின் மரபொன்றே போதுமா? போதாது. படையல் முன்னோர்க்கு நாம் அளிப்பது. மொழியோ அவர்கள் நமக்கு அளித்தது. மொழி மறைந்தபின் அவர்களை வணங்கலாம். அவர்கள் சொன்னதைக் கேட்க இயலாது.

ஆயினும் செட்டிகளைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. 1816இல் பினாங்கில் தமிழ்க்கல்வி தொடங்குமுன் பல தலைமுறைகள் பள்ளியின்றி வாழ்ந்தவர் அவர். தோட்டத்திலிருந்து நகருக்குப் பெயர்ந்த நம் இல்லங்களிலோ, தமிழ்ப்பள்ளி இருந்தும், பாட்டி தமிழில் வினவப் பேரன் பிறமொழியில் விடை பகர்வதுண்டு. வாய்ப்பின்றி இழப்பது அவலம். வாய்ப்பிருந்தும் இழப்பது குற்றம் அன்றோ?