காலை மடக்க முடியாதவரின் பக்தி

செங்கோட்டையைத் தாண்டிக் கேரள எல்லையை நெருங்கும்போது வருகிறது புளியறை. அங்குள்ள சிவன் கோயிலுக்குப் பெயர் வாங்கித் தந்தவர் தட்சிணாமூர்த்தி. வியாழக்கிழமை என்றால் குருவைப் பார்க்கக் கூட்டம் கூடிவிடும். ஏற வேண்டியவை 27 படிகள். நட்சத்திரத்துக்கு ஒன்று என்பது ஐதீகம். முட்டு தேய்ந்தவர் அதில் ஏறுவது தனி விதம். ஒரு காலை வைத்து, மறு காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து, உள்ளங்கையால் முட்டியை அழுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த படி. மேலே தட்சிணாமூர்த்தியோ வலது காலை முயலகன் மேல் ஊன்றி, இடது காலை மடக்கித் தொடைமேல் போட்டு, யுகயுகமாக அப்படியே உட்கார்ந்திருப்பவர்.

ஞானத்துக்கு அதுதான் இருப்பு என்றால், சம்மணம் போடவே முடியாதவரின் கதி என்ன?

இந்தக் கேள்வி ஜப்பானுக்கும் உண்டு. மண்டியிட்டு, குதிகால்மேல் அமர்ந்து வழிபடுவது அங்கே மரபு. அதே நாட்டில் 40 வயதைக் கடந்தவர்களில் சுமார் 2 கோடியே 53 லட்சம் பேருக்கு எக்ஸ்ரேயில் முட்டித் தேய்மானம் தெரியும் என்று 2009-ல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. கால் எவ்வளவு நேர் என்று பார்க்க, நோயாளியை நிற்க வைத்து, இடுப்பு முதல் கணுக்கால் வரை ஒரே படமாக எடுப்பார்கள். தொடை எலும்பின் பந்து முனையிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு கோடு போட்டால், நேரான காலில் அது முட்டியின் நடுவை ஒட்டிப் போகும். ஜப்பானிய நோயாளிகள் பலருக்கு அந்தக் கோடு உள்பக்கம் விலகி விழுகிறது. தொடை எலும்பின் தண்டே வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருப்பதும் அங்கே அதிகம். கோடு விலகிய பக்கத்தில் சுமை ஏறுகிறது, குருத்தெலும்பு அங்கேதான் முதலில் தேய்கிறது. நம் ஊரிலும் முட்டி அகண்டு, ஆடி ஆடி நடக்கும் பாட்டிகளைப் பார்க்காதவர் இல்லை.

இந்த வளைவை 'முன்வினை' என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் பெல்ஜியத்தில் முட்டி வலியே இல்லாத, 20 முதல் 27 வயதுக்குட்பட்ட 250 பேரின் கால்களை அளந்தார்கள். ஆண்களில் 32 சதவீதத்தினருக்கும் பெண்களில் 17 சதவீதத்தினருக்கும் கால் இயல்பிலேயே 3 பாகையோ அதற்கு மேலோ வளைந்திருந்தது. 2012-ல் அந்த முடிவு வந்தது. மூட்டு மாற்றும் மருத்துவர்களுக்கு அது தர்மசங்கடம். எல்லாக் காலையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவருவதா, அவரவர் பிறந்த வளைவையே திருப்பிக் கொடுப்பதா? வாதம் இன்னும் ஓயவில்லை. 'நேர்' என்பதே எல்லாருக்கும் ஒன்றில்லை என்று ஆனபின், வளைந்த காலைப் பாவத்தின் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

நம் மரபு இதில், இப்படித்தான் உட்கார வேண்டும் என்கிற பிடிவாதக்காரர்களின் பக்கம் இல்லை. பதஞ்சலி ஆசனத்துக்கு வைத்த நிபந்தனைகள் இரண்டே: உறுதி, சுகம். எட்டுக் கோணலான உடம்போடு ஜனகன் சபைக்குப் போன அஷ்டாவக்கிரரைப் பார்த்துப் பண்டிதர்கள் சிரித்தார்கள். கடைசியில் அவரிடம்தான் ஜனகன் ஞானம் கேட்டான். காரைக்கால் அம்மையாரோ, கயிலையில் கால் பதிக்கக் கூசித் தலையாலேயே நடந்தார் என்கிறது பெரியபுராணம். தென்காசி, கடையநல்லூர்ப் பள்ளிவாசல்களில் போதிக்கப்படும் மார்க்கமும், நிற்க முடியாதவர் உட்கார்ந்தும் அதுவும் முடியாதவர் படுத்தும் தொழ இடம் தருகிறது.

வலியைத் தாங்கி ஏறுவதே தவம் என்பார்கள். தானாக நேர்ந்துகொண்டால் அது தவம்தான். அதில் குறுக்கிட யாருக்கும் உரிமையில்லை. அடுத்தவர் முட்டியில் அதைச் சுமத்தினால் அதற்கு வேறு பெயர். பழனியில் 1966-லேயே விஞ்ச் வந்துவிட்டது, 2004-ல் ரோப் காரும் வந்தது. அவற்றில் ஏறிப் போனவருக்கு முருகன் முகம் திருப்பிக்கொண்டதாக இதுவரை யாரும் சொல்லவில்லை.

ஜப்பானில் பல கோயில்கள் வழிபாட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டுவிட்டன. நம் கோயில் நிர்வாகங்களும் படியின் இருபுறமும் பிடித்து ஏறக் கம்பி, மண்டபத்தில் நாலு நாற்காலி, அன்னதானக் கூடத்தில் ஒரு வரிசை மேசை என்று தொடங்கலாம், பெரிய செலவில்லை. அந்த நாற்காலியில் உட்காருகிறவரிடம் 'சாமி முன்னால கீழ உட்காரக் கூடாதா?' என்று கேட்பதைப் பக்கத்திலிருப்பவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.